வெயில் வந்தால் உப்பு. மழை வந்தால் பறவை!

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கும் சிற்றூர் மரக்காணம்.

ஒரு பக்கம் கடல். மறு பக்கம் கழுவெளி ஏரி. இடையே வெள்ளை வெளேர் என்று உப்பளங்கள்!

சுற்று வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் கழுவெளிக்கு வந்து சேரும். கடல் நீரும் கழி வழியாக உள்ளே வரும். ஆகவே, இது உவர்நீர் ஏரி.

மழைக் காலம்

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஏரி நிரம்பும். மீன் பெருகும். அதைத் தேடிப் பறவைகள் வரும். தூர தேசத்துப் பறவைகளும் உண்டு.

மார்கழி, தை மாதங்களில் காலை நேரத்தில் குடும்பத்தோடு போனால் பூநாரை, கூழைக்கடா முதலியவற்றைக் கண்டு மகிழலாம். ஆனால் சத்தம் போடக்கூடாது. 2021-ல் இந்த ஏரியை அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

வெயில் காலம்

மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளிக்கு வேலை இல்லை. சித்திரை வெயிலில் ஊரார் நிழல் தேடுவார்கள். அவரோ உப்பு வாரிக்கொண்டு இருப்பார். பிற்பகலில் வீசும் கடல் காற்றுதான் அவருக்கு ஆறுதல்.

ஏரி வேண்டும்

2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின.

இத்தகைய வெள்ளம் தங்குவதற்கு இடம் வேண்டும். அந்த இடம் ஏரி. ஏரியைத் தூர்த்தால், தண்ணீர் வீட்டுக்குள் வரும்!