மலைக்குள் குளிர், மரத்தடியில் விழா

ஜெர்மனியின் பீர் திருவிழா என்றதும் மியூனிக் நகரத்து அக்டோபர்ஃபெஸ்ட்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1810இல் பவேரியப் பட்டத்து இளவரசரின் திருமணத்தையொட்டித் தொடங்கியது அது. அதைவிட 55 வயது மூத்த விழா ஒன்று அதே பவேரியாவில், எர்லாங்கன் நகரத்தில் நடக்கிறது. பெயர் பெர்க்கிர்ஷ்வை. ஜெர்மன் பீர் விழா எப்படித்தான் இருக்கும் என்று முதல்முறை பார்க்கப் போகிறவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன்.

மியூனிக்கில் பரந்த மைதானத்தில் பிரம்மாண்டமான கூடாரங்கள் போடுவார்கள். எர்லாங்கன் விழாவுக்கு மரங்களே கூரை. ஊருக்கு வடக்கே பூர்க்பெர்க் என்றொரு சிறு மலை. அதன் சரிவெங்கும் அடர்ந்த நிழல், நிழலில் நீள நீளமான பெஞ்சுகள், அவற்றுக்குப் பின்னால் மலையைக் குடைந்து அமைத்த நிலவறைகளின் கதவுகள். இந்த விழா ஏன் இந்த இடத்தில் நடக்கிறது என்பதற்கு அந்த நிலவறைகள்தான் பதில்.

லாகர் வகை பீர் குளிரில்தான் ஒழுங்காகப் புளிக்கும். புளித்த பிறகும் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடந்து பக்குவப்பட வேண்டும். குளிர்பதன இயந்திரம் இல்லாத காலத்தில் கோடையில் குளிருக்கு எங்கே போவது? மணற்கல் மலையைக் குடைந்தார்கள். பனிக்காலத்தில் குளங்களில் உறைந்த கட்டிகளை வெட்டி வந்து உள்ளே அடுக்கினார்கள். மேலே வெயில் இறங்காமலிருக்க மரம் வளர்த்தார்கள். பீப்பாய் இருக்கும் இடத்திலேயே, அந்த நிழலிலேயே உட்கார்ந்து குடிக்கும் வழக்கம் இப்படித்தான் வந்தது. 1755இல், பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவத் திருநாளையொட்டி நடக்கும் சந்தையை நகர நிர்வாகம் இந்த மலைக்கு மாற்றியது. சந்தை விழாவாக வளர்ந்தது. என்ட்லாஸ் கெல்லர் என்ற நிலவறையின் வாசலில் நின்றுபாருங்கள். வெயில் காயும் பிற்பகலிலும் கதவிடுக்கிலிருந்து வரும் காற்று கணுக்காலில் சில்லென்று படும். இருநூறு வருடத்துக்கு முந்தைய பொறியியல் இன்றும் வேலை செய்கிறது என்பதே எனக்குப் பெரும் சந்தோஷம்.

1844இல் ரயில் வந்தபோது தண்டவாளத்தையும் இந்த மலையைத் துளைத்தே போட்டார்கள். பவேரியாவின் முதல் ரயில் சுரங்கப்பாதை அதுதான். எர்லாங்கன் பீர் ரயிலேறித் தொலைதூரங்களுக்குப் போனது. பிறகு 1870களில் கார்ல் ஃபான் லிண்ட குளிர்பதன இயந்திரத்தைக் கொண்டுவந்தார். எந்த ஊரிலும், எந்த மாதத்திலும் பீர் காய்ச்சலாம் என்றானதும் மலைக்குளிருக்கு இருந்த மவுசு போயிற்று. ஊரின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1712இல் தொடங்கிய கிட்ஸ்மான் ஆலையே 2018இல் காய்ச்சுவதை நிறுத்திவிட்டது. மூன்று நூற்றாண்டு கண்ட ஆலை அது. அந்த இழப்பை ஊர் இன்னும் பேசுகிறது. ஆனாலும் விழா நிற்கவில்லை. கொரோனாவால் 2020இலும் 2021இலும் தடைபட்டு, 2022இல் மறுபடி களைகட்டியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஊருக்கு, விழா நடக்கும் பன்னிரண்டு நாட்களில் பத்து லட்சம் பேர் வந்துபோகிறார்கள்.

பெந்தெகொஸ்தேக்கு முந்தைய வியாழன் மாலை 5 மணிக்கு மேயர் மரச்சுத்தியலால் குழாயை அடித்து முதல் பீப்பாயைத் திறப்பார். எத்தனை அடியில் இறங்குகிறது என்று கூட்டம் எண்ணும். கடைசித் திங்களன்று எரிஷ் கெல்லர் என்ற நிலவறையருகே ஒரு பீப்பாயைக் குழிதோண்டிப் புதைப்பார்கள். 'லிலி மார்லேன்' பாட்டு ஒலிக்க, வெள்ளைக் கைக்குட்டைகள் அசையும்.

பீர் ஒரு லிட்டர் மண்குவளையில் வருகிறது. நம் ஊறுகாய் ஜாடியைப் போலத் தடித்த சுவர், மினுக்கும் மேற்பூச்சு, நல்ல கனம். ஆண்டுதோறும் அதில் புதுப் படம் அச்சிடுகிறார்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது, தூக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பழகியவர்கள் காதைப் பிடித்துத் தூக்குவதில்லை. காதுக்குள் விரல்களை நுழைத்து, உள்ளங்கையைக் குவளையோடு ஒட்டிப் பிடிக்கிறார்கள். விழாவுக்கென்று காய்ச்சும் பீர் வழக்கமானதைவிடக் காட்டமானது. முதல்முறை போகிறவர்கள் ஒரு குவளையை இருவராகப் பகிர்ந்துகொள்வதே நல்லது. குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் கிடைத்துவிடும். கூடவே உப்புத் தூவிய பிரெட்சல், குச்சியில் செருகிச் சுட்ட கானாங்கெளுத்தி மீன், சின்ன ரொட்டிக்குள் வைத்த மூன்று சாசேஜ் ஆகியவற்றைச் சாப்பிடலாம்.

குடிக்காதவர்களும் தயங்காமல் போகலாம். தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தை என்று குடும்பங்கள் ஆப்பிள் ஜூஸோடு உட்கார்ந்திருப்பதைப் பகலில் பார்க்கலாம். யாரென்றே தெரியாத ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார், ஐந்து நிமிடத்தில் எந்த ஊர் என்று விசாரிப்பார். இந்த விழாவில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இருட்டிய பிறகு பெஞ்சின்மேல் ஏறி ஆட்டம், நெரிசல், தள்ளாட்டம் எல்லாம் உண்டு. இரவு 11 மணிக்கு விழாவை மூடிவிடுவார்கள்.

எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் நம் மாணவர்களும் படிக்கிறார்கள். பெந்தெகொஸ்தேக்கு அடுத்த செவ்வாயன்று அங்கே வகுப்பு கிடையாது, எல்லோரும் மலையில்தான் இருப்பார்கள். அன்று மதியத்துக்கு முன்பே போய்விட்டால் நிலவறைக் கதவுக்குப் பக்கத்து பெஞ்சிலேயே இடம் கிடைக்கலாம்.