யானைக்கால் அன்று, நிணநீர் வீக்கம்

ஒருவரின் கால் தடித்து வீங்கியிருக்கக் கண்டால், "யானைக்கால்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சிம்பாங் ரெங்கம் போன்ற தோட்டப்புற ஊர்களில் இவ்வெண்ணம் எழுவது இயல்பே. கும்பகோணத்து யானைக்காலை நம் முன்னோர் அறிவர். இந்நாட்டுச் சதுப்பு நிலக் கொசுக்கள் பரப்பும் யானைக்கால் புழுவுக்கும் 'புருகியா மலாயி' என்றே பெயர். ஆனால் வீங்கிய காலெல்லாம் புழுவால் வீங்கியதன்று. கொசுவுக்குத் தொடர்பே இல்லாத வீக்கமும் உண்டு.

இதனை விளங்கிக்கொள்ள நிணநீரைப் பற்றி அறிதல் வேண்டும். நிணம் என்பது கொழுப்பைக் குறிக்கும் பழஞ்சொல். குடலில் செரித்த கொழுப்பை நிணநீர் சுமந்து செல்வதால் அப்பெயர் மிகவும் பொருந்தும். இரத்த நுண்குழாய்களிலிருந்து கசியும் நீரைத் திரட்டி, கழுத்தருகே மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பதும் நிணநீர்க் குழாய்களின் வேலையாகும். வடிகால் அடைபட்டால் வயலில் நீர் தேங்குவது போல, இக்குழாய்கள் பழுதுபட்டால் காலில் நீர் தேங்கும். புழுவோ, அறுவையோ, புற்றுநோயோ கெடுத்ததால் வருவது இரண்டாம்நிலை வீக்கம். குழாய்களின் அமைப்பிலேயே குறை இருப்பதால் வருவது முதல்நிலை வீக்கம்.

முதல்நிலை வீக்கம், தோன்றும் வயதைக் கொண்டு மூவகைப்படும்.

முதலாவது, பிறக்கும்போதோ இரண்டு வயதுக்குள்ளோ தோன்றுவது. அமெரிக்க மருத்துவர் மில்ராய் 1892இல், ஒரே குடும்பத்தின் ஆறு தலைமுறைகளில் 97 பேரை ஆராய்ந்து, 22 பேருக்கு இவ்வீக்கம் இருந்ததை எழுதினார். குழாய் வளர்ச்சிக்குரிய மரபணு ஒன்றின் பிழையே இதற்குக் காரணம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

இரண்டாவது, 35 வயதுக்குள், பெரும்பாலும் பருவமெய்தும் காலத்தில் தோன்றுவது. மூவகையிலும் இதுவே மிகுதி; பெண்களையே அதிகம் பற்றும். பிறவிக் குறைதான், வெளிப்படுவது மட்டும் பின்னர்.

மூன்றாவது, 35 வயதுக்குப் பின் தோன்றுவது. இது அரிது. இவ்வயதில் வீக்கம் கண்டால், புற்றுநோய் போன்ற வேறு காரணங்கள் இல்லையென மருத்துவர் முதலில் உறுதி செய்துகொள்வர்.

பெயரைப் பிரித்தறிவதால் பயன் என்ன? இந்நோய் எவரிடமிருந்தும் எவருக்கும் ஒட்டாது. புழுவைக் கொல்லும் மாத்திரை இதற்கு உதவாது. முற்றும் நீக்கும் மருந்து இல்லையெனினும், அழுத்தக் கட்டு, காலுறை, உடற்பயிற்சி, பயின்றவர் செய்யும் மென்மையான நீவுதல் ஆகியவற்றால் வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். தோலைத் தூய்மையாகவும் வெடிப்பின்றியும் காத்தல் இன்றியமையாதது. கால் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

பருவ வயது மாணவி ஒருத்தி காலணி இறுகுகிறதென்று திடலுக்கு வரத் தயங்கலாம். தோழியர் கேலிக்கு அஞ்சிப் பாதத்தை மறைக்கலாம். அதனை முதலில் காணும் வாய்ப்பு ஆசிரியருக்கே உண்டு. "யானைக்கால்" என்னும் சொல் வகுப்பில் வசையாகாமல் தடுத்து, பெற்றோரிடம் பக்குவமாக எடுத்துரைத்து மருத்துவமனைக்கு அனுப்புவாராயின், அதுவும் ஆசிரியப் பணியே ஆகும்.