40 வளைவுகள்... அவசரம் வேண்டாம்! வரையாடும் சிங்கவால் குரங்கும் வழியில் நிற்கும் வால்பாறைப் பயணம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சுமார் 65 கிலோமீட்டர். சமவெளியில் என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் தூரம்தான். ஆனால், இந்தச் சாலையில் இரண்டரை மணி நேரமாவது வேண்டும். காரணம், 40 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொரு காரணமும் இருக்கிறது. இது மனிதர்களுக்கு மட்டுமான சாலை இல்லை.

ஒன்பதாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டி, கீழே விரிந்து கிடக்கும் ஆழியாறு அணையைப் பார்த்தபடி ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும். பின்னால் பாறைச் சரிவில் நாலைந்து வரையாடுகள் நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். கூட வந்த குழந்தை ஆசையாக ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டும். பார்க்க அழகான காட்சிதான். ஆனால், இந்த மலைப்பாதையின் மிகப்பெரிய பிரச்னை அந்தப் பிஸ்கட்டில்தான் தொடங்குகிறது.

கோடை விடுமுறைக்கோ, வார இறுதிக்கோ வால்பாறை செல்லத் திட்டமிடுபவர்கள் எங்கே எதைப் பார்க்கலாம், எங்கே எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொண்டு கிளம்பினால், பயணம் இரண்டு மடங்கு சுகமாக இருக்கும்.

ஆழியாறில் ஆரம்பம்

கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். அங்கிருந்து தென்னந்தோப்புகளைக் கடந்தால் மலையடிவாரத்தில் ஆழியாறு அணை. பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத் திட்டத்தின் முக்கியமான அணைகளில் ஒன்று. அதைத் தாண்டியதும் வனத்துறை சோதனைச்சாவடி. இங்கிருந்து ஆனைமலை புலிகள் காப்பகம்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2025 நவம்பர் 1 முதல் வால்பாறை செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். ஊட்டி, கொடைக்கானலுக்கு இருக்கும் அதே நடைமுறைதான். கிளம்பும் முன்பே வீட்டிலிருந்து ஆன்லைனில் எடுத்துவிட்டால் சோதனைச்சாவடியில் செல்போன் சிக்னலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சாவடிக்கு அருகிலேயே கவியருவி. 'மங்கி ஃபால்ஸ்' என்று சொன்னால்தான் பலருக்கும் புரியும். தண்ணீர் வரத்தைப் பொறுத்துதான் குளிக்க அனுமதி. மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் மூடிவிடுவார்கள். கோடை முற்றினால் அருவியே வறண்டுவிடும்.

ஒன்பதாவது வளைவில் மாநில விலங்கு

மலை ஏற ஏறக் காற்றின் வெப்பம் குறைவது முகத்தில் தெரியும். ஒன்பதாவது வளைவில் இருக்கிறது லோம்ஸ் வியூ பாயின்ட். இந்த மலைச்சாலையை அமைத்த ஆங்கிலேயப் பொறியாளர் லோம் பெயரால் அழைக்கப்படும் இடம். இங்கிருந்து அட்டகட்டி வரையிலான பாறைச் சரிவுகளில் வரையாடுகளைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகிலேயே தமிழ்நாடு, கேரளத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் மட்டும்தான் வாழ்கிறது. 2024-ல் நடந்த கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள் இருப்பது தெரியவந்தது. ஒரு மாநிலத்துக்கே சொந்தமான விலங்கு, ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கும் கூட்டத்தின் அளவுக்குத்தான் இருக்கிறது.

செங்குத்தான பாறையில் சறுக்காமல் ஏறி இறங்கும் இந்த ஆடு, சாலையில் வேகமாக வரும் வண்டிக்கு ஈடுகொடுக்க முடியாது. தின்பண்டம் போட்டுப் பழக்கினால் அது சாலையை விட்டுப் போகாது. அதனால்தான் அந்தப் பிஸ்கட் பிரச்னையாகிறது.

புதுத்தோட்டத்தில் நின்று கவனியுங்கள்

அட்டகட்டியைத் தாண்டினால் மெல்லத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கும். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே காட்டை வெட்டித் தோட்டங்கள் போட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு இந்தப் பீடபூமி முழுவதும் மழைக்காடு. இப்போது தேயிலைக் கடலுக்கு நடுவே சின்னச் சின்னத் தீவுகளாகத்தான் சோலைகள் மிச்சம் இருக்கின்றன. வால்பாறை நகருக்குச் சற்று முன்னால் வரும் புதுத்தோட்டம் சோலை அவற்றில் ஒன்று.

சிங்கவால் குரங்கின் வீடு இது. கரிய உடல், முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத, அழியும் ஆபத்தில் இருக்கும் இனம். இயல்பில் இது மரத்தைவிட்டு அதிகம் இறங்காது. கிளைக்குக் கிளை தாவியே காட்டைக் கடக்கும். ஆனால், சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்ட இடத்தில் கிளைகள் எட்டவில்லை. வேறு வழியில்லாமல் தரையில் இறங்கிச் சாலையைக் கடந்தபோது, வண்டிகளில் அடிபட்டு உயிரிழந்தன.

அதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாட்டைச் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். இரு பக்க மரங்களையும் இணைத்துச் சாலைக்கு மேலே கட்டப்பட்ட தொங்குபாலங்கள்! குரங்குகள் அவற்றைப் பழகிக்கொண்டன. குட்டியை வயிற்றில் சுமந்தபடி ஒரு தாய்க்குரங்கு தலைக்கு மேலே நடந்துபோவதைப் பார்த்தால் குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் கைதட்டுவார்கள்.

மேலே பாலம் கட்டினாலும், கீழே யாராவது வாழைப்பழம் நீட்டினால் குரங்கு கீழேதான் வரும். பாலத்தின் பலன் முழுவதும் பயணிகளின் கையில்தான் இருக்கிறது.

இருவாச்சிக்குக் காது கொடுங்கள்

வால்பாறைக்கு பைனாகுலர் எடுத்துவருவது நல்லது. அதைவிட முக்கியம், காது. காலை ஆறரை மணிக்குத் தோட்டச் சாலையில் நடந்தால் விசிலடிப்பதுபோல ஒரு பாட்டு கேட்கும். மலபார் விசிலிங் த்ரஷ் என்ற நீலக்கருப்புப் பறவை அது. ஓடைப் பக்கம் பார்த்தால் சிக்கும்.

அடுத்து, பழைய ரயில் இன்ஜின் மூச்சு விடுவதுபோல 'புஸ்... புஸ்...' என்று வானத்தில் சத்தம் வந்தால் உடனே நிமிர்ந்து பாருங்கள். பெரிய இருவாச்சி! அதன் சிறகுச் சத்தம்தான் அது. மரப்பொந்துக்குள் பெண் பறவை தன்னைத்தானே அடைத்துக்கொண்டு முட்டையிட்டு அடைகாக்கும். அலகு மட்டும் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கும். மாதக்கணக்கில் அதன் வழியாக ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும். அப்பா பறவைக்கு ஏதாவது ஆனால், உள்ளே தாயும் குஞ்சும் தவிக்கும். கூடு இருக்கும் மரத்தின் அருகே கூட்டமாக நின்று சத்தம் போடுவதும், கேமராவோடு காத்துக்கிடப்பதும் ஆண் பறவையை மிரளவைக்கும்.

இருவாச்சிக்குப் பழுத்த பெரிய மரங்கள் வேண்டும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் திவ்யா முடப்பாவும் டி.ஆர்.சங்கர் ராமனும் சிதைந்த சோலைகளில் மழைக்காட்டு மரங்களைத் திரும்ப வளர்க்கும் பணியைத் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருகிறார்கள். சாலையில் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி நாற்றாக்கி, பிறகு சோலையில் நடுகிறார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வாழச்சால் காடுகளில் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துப் பாதுகாப்பவர்கள் காடர் பழங்குடி மக்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தால்...

மாலை மங்கும் நேரம். தோட்டச் சாலையின் ஒரு திருப்பத்தில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுக்கினால் அது டிராஃபிக் சிக்னல் அல்ல. 'பக்கத்தில் யானை இருக்கிறது' என்று அர்த்தம்.

சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வால்பாறைப் பீடபூமியில் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் வாழ்கிறார்கள். யானைக் கூட்டங்களும் தலைமுறை தலைமுறையாக இதே வழியில்தான் நடக்கின்றன. வேலை முடிந்து திரும்பும்போதும், பேருந்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும், இருட்டில் யானை நிற்பது தெரியாமல் நேருக்கு நேர் போய் மாட்டிக்கொண்டு பலர் உயிரிழந்தார்கள்.

யானை எங்கே நிற்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும், பாதி ஆபத்து விலகிவிடும். இந்த எளிய உண்மையிலிருந்துதான் வால்பாறையின் முன்னெச்சரிக்கை ஏற்பாடு பிறந்தது. யானைகளின் நடமாட்டத்தைக் கண்காணித்து எஸ்.எம்.எஸ்., உள்ளூர் கேபிள் டி.வி-யில் ஓடும் எழுத்துகள், செல்போன் மூலம் எரியவைக்கும் சிவப்பு விளக்குகள் என மக்களுக்குத் தகவல் சொன்னார்கள். விளக்கை எரியவைப்பதில் ஊர் மக்களும் பங்கெடுத்தார்கள். இந்தப் பணிக்காக ஆய்வாளர் எம்.ஆனந்தகுமாருக்கு 2015-ல் சர்வதேச அளவிலான விட்லி விருது கிடைத்தது.

சுற்றுலா வருபவர்களுக்கு யானை ஒரு போட்டோ. இங்கே வாழ்பவர்களுக்கு அது இரவு வீடு போய்ச் சேர்வதா இல்லையா என்ற கேள்வி. ஹாரன் அடித்தும், கத்தியும், டிரோன் பறக்கவிட்டும் பயணிகள் சீண்டிய யானை, கோபத்தோடு அடுத்து சந்திப்பது ஒரு தொழிலாளியாக இருக்கலாம்.

சிறுத்தையும் அப்படித்தான். இங்குள்ள தொழிலாளர் குடும்பங்கள் சிறுத்தைக்குத் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரங்கள் உண்டு. எனவே, பொழுது சாய்ந்தபிறகு 'சும்மா ஒரு வாக்' வேண்டவே வேண்டாம். குழந்தைகளை விடுதி வளாகத்துக்குள்ளேயே, கண்பார்வையில் வைத்திருங்கள்.

எங்கே நடக்கலாம்?

காட்டுக்குள் தன்னிச்சையாக நுழையக் கூடாது. தேயிலைத் தோட்டங்களும் தனியார் இடங்கள். அனுமதி பெற்றே நடக்க வேண்டும். எஸ்டேட் பங்களாக்களிலும் தோட்ட விடுதிகளிலும் தங்கினால், வழி தெரிந்த ஆளோடு காலை நடைக்கு ஏற்பாடு செய்துதரச் சொல்லிக் கேட்கலாம்.

வனத்துறை வழிகாட்டியோடு காட்டில் நடக்க ஆசைப்படுபவர்கள், பயணத்தில் ஒருநாளை டாப்சிலிப்புக்கு ஒதுக்கலாம். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். வனத்துறையின் வாகன சஃபாரி அங்கே உண்டு. அருகிலுள்ள கோழிகமுத்தியில் யானைகள் முகாம் இருக்கிறது.

வால்பாறையைச் சுற்றி சோலையாறு அணை, நல்லமுடி பூஞ்சோலை காட்சிமுனை, கூழாங்கல் ஆறு, அதிக மழை கொட்டும் சின்னக்கல்லாறு எனப் பார்க்க நிறைய இடங்கள் உண்டு. ஆறுகளில் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். குளிக்கப் போன இளைஞர்கள் உயிரிழந்த சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன.

கிளம்பும் முன் கவனிக்க...

* டிசம்பர் முதல் மே வரை பயணத்துக்கு ஏற்ற காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். மண்சரிவு அபாயமும், சோலைகளில் அட்டைத் தொல்லையும் உண்டு.

* கொண்டை ஊசி வளைவில் மேலே ஏறும் வண்டிக்கே முதலில் வழிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் வாருங்கள்.

* பகல் வெளிச்சத்திலேயே மலை ஏறி, பகலிலேயே இறங்குங்கள். பெட்ரோலைப் பொள்ளாச்சியில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

* வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி செல்லும் காட்டுச்சாலையில் இரவுப் பயணத்துக்கு அனுமதி இல்லை. காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

* விலங்குகளுக்கு எந்த உணவும் கொடுக்காதீர்கள். குப்பையைக் கையோடு கீழே கொண்டுவாருங்கள்.

* யானை, காட்டுமாடு சாலையில் நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். அது போகும்வரை காத்திருங்கள்.

அந்தக் காத்திருப்பில் பத்து நிமிடம் போகலாம், அரைமணி நேரமும் போகலாம். இன்ஜின் சத்தம் அடங்கியபிறகுதான் காட்டின் சத்தம் காதில் விழ ஆரம்பிக்கும். ஊருக்குத் திரும்பி வந்தபிறகு பிள்ளைகள் அதிகம் பேசப்போவது, பார்த்த 'வியூ பாயின்ட்' பற்றி அல்ல... நடுச்சாலையில் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரத்தைப் பற்றித்தான்!