எந்த விமானத்தில் அனுப்புவது?

மகனோ மகளோ அமெரிக்காவில் வாழும் குடும்பங்கள் இன்று நம் பங்குகளில் பல. பேரக்குழந்தையின் ஞானஸ்நானத்திற்கோ புதுநன்மைக்கோ முதியோர் தனியே புறப்பட நேரிடுகிறது. அப்பொழுது பயணச்சீட்டு எடுப்போர் பெரும்பாலும் கட்டணம் ஒன்றையே நோக்குகின்றனர். சிக்கனம் நன்றே. ஆயினும் எழுபதைத் தொட்ட, ஆங்கிலம் பேசத் தயங்கும் தாய் தந்தையரின் பயணத்திற்கு அது முதல் அளவுகோல் ஆகாது.

சென்னையிலிருந்து லண்டனுக்குப் பிரிட்டிஷ் ஏர்வேசும், பிராங்க்பர்ட்டுக்கு லுப்தான்சாவும் நேரே பறக்கின்றன. அங்கு விமானம் மாறி, அட்லாண்டிக்கைக் கடந்து, அமெரிக்க மண்ணில் இறங்கிவிடலாம். இடர் பெரும்பாலும் அதன் பின்னரே எழுகிறது. பிள்ளை வாழும் ஊருக்கு இன்னுமொரு உள்நாட்டு விமானம் ஏறவேண்டுமே! ஆகவே, அந்தக் கடைசி ஊரை முதலில் நோக்கி, பின்னர் விமான நிறுவனத்தைத் தேர்ந்திடுக.

1997-இல் தோன்றிய ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் லுப்தான்சாவும் யுனைட்டெடும் உள்ளன. 1999-இல் தோன்றிய ஒன்வேர்ல்டில் பிரிட்டிஷ் ஏர்வேசும் அமெரிக்கன் ஏர்லைன்சும் உள்ளன. 2000-இல் தோன்றிய ஸ்கைடீமில் ஏர் பிரான்சும் டெல்டாவும் உள்ளன. யுனைட்டெடுக்கு ஹூஸ்டன், நியூவார்க், சிகாகோ ஆகியவையும், அமெரிக்கனுக்கு டாலஸ், சார்லட் ஆகியவையும், டெல்டாவுக்கு அட்லாண்டா, டெட்ராய்ட் ஆகியவையும் முக்கிய மையங்கள். பிள்ளையின் ஊர் எந்த மையத்தினருகே உள்ளதோ, அந்தக் கூட்டணியே பொதுவாக வசதியானது. அங்கே ஒரு விமானம் தவறினாலும் அடுத்தது கிடைக்கும் வாய்ப்பு மிகுதி.

இரண்டாவதாக, சென்னை முதல் கடைசி ஊர் வரை ஒரே பயணச்சீட்டாக இருக்கட்டும். முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பாகும். தனித்தனியே வாங்கிய சீட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பெட்டிகளுக்கும் உள்நாட்டில் தனிக் கட்டணம் கேட்கப்படலாம். சேமித்த சில ஆயிரம் ரூபாய், நள்ளிரவில் அந்நிய விமான நிலையத்தில் பன்மடங்காகக் கரைந்துவிடும்.

மூன்றாவதாக, அமெரிக்காவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடிநுழைவுச் சோதனை நடைபெறும். பெட்டிகளை அங்கே எடுத்து, சுங்கம் கடந்து, மீண்டும் ஒப்படைப்பதே பொதுவான வழக்கம். எனவே அவ்விடத்தில் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அதன்பின் மறுபடியும் பாதுகாப்புச் சோதனை உண்டு. ஊறுகாய்ப் புட்டி கைப்பையில் இருந்தால் பறிபோகும்.

நான்காவதாக, சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்யுங்கள். நடக்க இயலாதவர்க்கே உரியது என்று கூசவேண்டாம். நெடுந்தூரம் நடக்கவும் நெடுநேரம் நிற்கவும் தளர்ந்தவர்க்கும் அது உரியதே. அதற்குக் கட்டணம் இல்லை. உடன்வரும் பணியாளர் சோதனைகளைக் கடந்து அடுத்த விமானத்தின் வாயில் வரை சேர்ப்பார். பிள்ளையின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஆங்கிலத்தில் எழுதி, பெற்றோரின் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்திடுங்கள்.

1920-இல் பாப்பரசர் 15-ஆம் ஆசீர்வாதப்பர் லொரேத்தோ மாதாவை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்த அன்னையின் அடைக்கலத்தில் பெற்றோரை ஒப்படைத்து வழியனுப்புவோம். ஆனால் செபம் நம் கடமைக்கு ஈடாகாது. தாய் தந்தையரை மதிக்கப் பணிக்கும் நான்காம் கட்டளை, அவர்களுக்காகப் பயணச்சீட்டு எடுக்கும் வேளையிலும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது.