பரிசு வாங்க வராத நேயர்

எங்கள் காலை நிகழ்ச்சியில் புதிர்ப்போட்டி என்றாலே ஈசூனிலிருந்து அந்த அக்காவின் குரல் வந்துவிடும். இரண்டு முறை வென்றார், பரிசு வாங்க வரவில்லை. "வேற யாருக்காவது கொடுத்துடுங்க தம்பி" என்பார். மூன்றாம் முறையும் வென்றபோதுதான் காரணத்தைச் சொன்னார். அவர் வீட்டை விட்டு வெளியே வந்து 14 மாதம் ஆகியிருந்தது.

ஒரு மாலை, கூட்டமான எம்ஆர்டி ரயிலில் திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியிருக்கிறது. மாரடைப்பு என்றே நினைத்தார். இதயத்தில் குறையில்லை என்றார்கள் மருத்துவர்கள். ஆனாலும் ரயிலை விட்டார். பிறகு பேருந்து, ஈரச்சந்தை, கோயில். கடைசியில் மின்தூக்கி.

இதற்கு அகோராஃபோபியா என்று பெயர். திறந்த சதுக்கங்களைக் கடக்க அஞ்சியவர்களைக் கண்ட ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால், 1871ல் சந்தைவெளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சூட்டிய பெயர். ஆனால் இது வெட்டவெளியைப் பற்றிய பயம் மட்டுமல்ல. பதற்றம் வந்தால் தப்பிக்க வழியில்லையே, உதவிக்கு ஆளில்லையே என்ற பயம்.

"கல்யாணத்துக்குக்கூட வரமாட்டேங்குறா, அவ்வளவு பெருமை" என்றார்கள் சொந்தக்காரர்கள். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சந்தைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் அவரே போனார். "பாசமாத்தான் செஞ்சேன். அதுவே அவளை உள்ளே வச்சுப் பூட்டிடுச்சு" என்றார் என்னிடம். நம் வீடுகள் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. தவிர்த்தால் உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த முறை பயத்தை வளர்க்கிறது. அதற்காகத் தரதரவென்று வெளியே இழுத்துப் போவதும் உதவாது.

கணவரின் கையைப் பிடித்தபடி, டாக்சியில் கண்ணை மூடிக்கொண்டு பலதுறை மருந்தகம் போனார் அக்கா. அங்கிருந்து உளவியல் நிபுணரிடம் அனுப்பினார்கள். மாத்திரையும் உண்டு, பயிற்சியும் உண்டு. முதல் வாரம் மின்தூக்கி முன்னால் நிற்பது மட்டும்தான். அடுத்து, புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசையருகே உட்கார்வது. பயம் ஏறும்போது ஓடிவரக் கூடாது, அது இறங்கும்வரை இருக்க வேண்டும். இறங்கவும் செய்கிறது. அதை உடம்பு பலமுறை கண்டால்தான் நம்புகிறது. நடுவில் இரண்டு வாரம் மறுபடி கதவடைத்துக் கிடந்தார்.

பிறகு ஒருநாள் தனியாக, ஈசூனிலிருந்து காத்திப் வரை ரயிலில் போனார். ஒரே ஒரு நிலையம். "அமெரிக்கா போய் வந்த மாதிரி இருந்துச்சு தம்பி!"

இப்படித் தவிக்கும் யாருக்கும் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் பேச ஆளுண்டு.

அக்காவின் மூன்றாவது பரிசுக் கூடையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. காலாவதியான பிஸ்கட்டை மட்டும் இரண்டு முறை மாற்றினேன். போன வாரம் நியூட்டன் வரை வந்துவிட்டாராம்.