பிறந்த நாள் தெரிந்த இரு சொற்கள்

வழக்கிலுள்ள ஒரு சொல்லை முதன்முதற் சொன்னவர் யார் என்று எவர் அறிவார்? ஆயினும் ஆங்கிலத்திலே 'செரண்டிபிட்டி', 'பாய்கொட்' என்னும் இரு சொற்களுக்குச் சாதகமே எழுதிவிடலாம். ஒன்றுக்கொன்று உறவில்லாத சொற்கள் அவை.

முந்தியது நமது நாட்டின் பெயரைத் தாங்கியது. அராபியர் இலங்கையைச் 'செரண்டிப்' என்றழைத்தனர். செரண்டிப் இளவரசர் மூவரின் கதை 1557 ஆம் ஆண்டிலே வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சாயிற்று. தொலைந்துபோன ஒட்டகத்தைக் கண்ணாற் காணாமலே, அது ஒற்றைக்கண் குருடு, கால் நொண்டி என்று வழித்தடத்தைக் கொண்டே அவர்கள் சொல்லிவிடுகின்றனர். (நம் பாட்டிமார் சொல்லும் ஒட்டகக் கதையும் இத்தகையதன்றோ!) ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல், 1754 ஜனவரி 28 ஆந் திகதி புளோரன்ஸிலிருந்த நண்பருக்கு எழுதிய கடிதத்திலே இக்கதையை நினைவுகூர்ந்து இச்சொல்லைப் படைத்தார். தேடாத பொருளைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டடைதல் என்பது கருத்து. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்போமே, அது தேடியது எதிர்ப்படுவது, இதுவோ தேடாதது. வெறும் அதிர்ஷ்டத்துக்கும் இச்சொல்லை வழங்குவோர் கூர்மதியை மறந்துவிடுகின்றனர். 1928 இல் பூஞ்சணம் பிடித்த தட்டை எறிந்துவிடாது உற்றுநோக்கியதாலேயே அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டார்.

கற்றவர் ஆக்கிய இச்சொல், அக்கடிதங்கள் 1833 இல் அச்சேறும் வரை உறைக்குள்ளேயே கிடந்தது. அச்சேறிய பின்னரும் நெடுங்காலம் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

மற்றச் சொல்லோ பிறந்த சில வாரங்களிலேயே பத்திரிகைகளில் ஏறிவிட்டது. சாள்ஸ் பாய்கொட் என்பவர் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலே ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தர். 1880 இல் விளைவு குன்றிக் குத்தகையாளர் 25 வீதக் குறைப்புக் கேட்டனர். பிரபு 10 வீதத்துக்கு மேல் இணங்கவில்லை. குடிகளை வெளியேற்றப் பாய்கொட் முனைந்தார். அச்செப்டெம்பரிலே தலைவர் பார்னெல், இத்தகையோரை அடிக்க வேண்டாம், ஒதுக்கி வையுங்கள் என்று மக்களுக்குக் கூறியிருந்தார். அவ்வாறே நடந்தது. வேலையாட்கள் விலகினர், கடைக்காரர் பண்டம் விற்க மறுத்தனர். அறுவடைக்கு ஆளின்றி, வெளியூர்த் தொண்டர் ஐம்பதுபேர் வந்தனர். அவர்களைக் காக்க வந்த படையினரும் பொலிசாரும் ஏறக்குறைய ஆயிரம்! சுமார் 500 பவுண் பெறுமதியான பயிரை எடுக்க 10,000 பவுண் செலவாயிற்றாம்.

இச்செயலை என்னவென்று அழைப்பது? கற்றோர் வழங்கும் கிரேக்கச் சொல் உழவர் நாவில் நுழையாதென்று எண்ணிய ஓ'மாலி என்னும் பாதிரியார், பாய்கொட்டின் பெயரையே வினைச்சொல்லாக்கலாம் என்றார். விரைவில் அதனைப் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் தம்மொழியிற் சேர்த்துக்கொண்டனர். நாம் பகிஷ்காரம் என்கிறோம். 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலிலே கையாண்ட ஆயுதமும் அதுவே.

பாய்கொட் 1880 டிசெம்பர் முதலாந் திகதி அயர்லாந்தை விட்டுப் புறப்பட்டார். வாடகைக்கு வண்டியோட்ட ஒருவரும் முன்வராமையால், இராணுவத்தின் ஆம்புலன்ஸ் வண்டியிலேயே குடும்பத்தோடு ஏறிச் சென்றார்.