மஞ்சள் பூ பூத்தா எல்லாம் கரிசலாங்கண்ணி இல்லைங்க!

ஓசூர் சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிறவரா நீங்கள்? சாலை நடுத்தடுப்பு, கம்பெனி வளாகம், அபார்ட்மென்ட் வாசல் என எங்கேயாவது தரையோடு படர்ந்து, சின்னச் சின்ன மஞ்சள் பூக்களோடு ஒரு செடியைப் பார்த்தால், "அட, மஞ்சள் கரிசலாங்கண்ணி! காமாலைக்கு நல்லதாச்சே" என்று பறித்துவிடாதீர்கள். அழகுக்காக நடப்படும் 'சிங்கப்பூர் டெய்சி'யாக அது இருக்கலாம்.

இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான். மஞ்சள் கரிசலாங்கண்ணி நம் ஊர் மூலிகை. சித்த மருத்துவத்தில் 'பொற்றலைக் கையாந்தகரை' என்பார்கள். சிங்கப்பூர் டெய்சியோ, பெயரில்தான் சிங்கப்பூர். பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இதுவும் உண்டு. தண்டின் கணுக்களில் வேர் விடுவதால், வெட்டிப்போட்ட துண்டுகூட முளைத்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பூவைப் பார்க்காதீங்க, இலையைப் பாருங்க. கரிசலாங்கண்ணி இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், தொட்டால் சொரசொரப்பு. சிங்கப்பூர் டெய்சி இலை தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். எல்லா இலையிலும் மடல் தெளிவாகத் தெரியாது என்பதால், நாலைந்து இலைகளைப் பார்ப்பது நல்லது.

எல்லைப் பகுதி என்பதால் பெயரிலும் குழப்பம் வரும். கன்னடத்தில் 'கருகத சொப்பு', தெலுங்கில் 'குண்டகலகர' என்று கேட்டால் பொதுவாகக் கிடைப்பது வெள்ளைப் பூ கரிசலாங்கண்ணி.

சரியான செடியாகவே இருந்தாலும், லாரிப் புகையும் தூசியும் படியும் சாலையோரத்தில் பறித்துச் சாப்பிட வேண்டாம்.

காமாலை என்றால்?

கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது நோயின் அறிகுறிதான். அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ கிருமிகளாக இருக்கலாம். பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் கீரைச் சாறு குடித்துக்கொண்டே நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் இ உயிருக்கே ஆபத்தாகலாம்.

என்ன செய்யலாம்?

• அறிகுறி தெரிந்தவுடன் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.
• மூலிகை எடுக்க விரும்பினால், அரசு மருத்துவமனை சித்த மருத்துவப் பிரிவில் செடியைக் காட்டிக் கேளுங்கள். மொபைல் ஆப் சொல்லும் பெயரை மட்டும் நம்பிச் சாப்பிட வேண்டாம்.
• மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

பூவை ரசிக்கலாம், போட்டோ எடுக்கலாம். குழம்பில் போடும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.